திறந்து பார்க்கிற கடை

வியாழக்கிழமை காலையில் அர்ச்சுனன் சைக்கிளில் வந்து இறங்கி, "மச்சான், திங்கக்கெழமைலேருந்து வேலைக்கு வர்றேன்" என்று சொன்னபோது வெற்றிச்செல்வன் தண்ணீர்த் தொட்டியருகே பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் திரும்பினான். அவன் பார்வை நேராக சைக்கிள் ஹேண்டில்பாருக்குப் போனது. அர்ச்சுனனின் இடது கை அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் பிடியில் படாமல் விறைத்து நின்றன.

"டாக்டரு இன்னா சொன்னாரு மாப்ள?"

"வேலை செய்யச் செய்யத்தான் கை சரியாவும்னாரு. ரெண்டு மாசமா வூட்லயே குந்திக்கினு இருக்கேன். ரேணுகா வாயில வுழுந்து எந்திரிக்க முடியல. மிஷினு எங்க?"

மரம் அறுக்கும் மிஷின் ஆட்டுக் கொட்டகையில், யூரியா சாக்குக்குள், வைக்கோலுக்குப் பின்னால் கிடந்தது. ரெண்டு மாதமாக அதை வெற்றிச்செல்வன் தொடவில்லை. கோடாலியையும் கைரம்பத்தையும் வைத்தே ஆட்களோடு சவுக்கு வெட்டிக்கொண்டிருந்தான்.

"சும்மாவே கெடந்துதில்ல, ஒரு தடவை கடைல காட்டணும்" என்றான்.

"ராஜாங்கத்துகிட்ட குடு. ஒரு மணி நேரத்துல பாத்துக் குடுத்துடுவாரு."

"அவரு கடைல இப்ப உப்பளத்து என்ஜினா அடுக்கி வெச்சிருக்காங்க. சீசன் பாரு. நான் திண்டிவனம் பக்கம் போய்ப் பாக்கறேன்."

"மரக்காணத்துல ஆளை வெச்சிக்கினு திண்டிவனம் போறியா?" என்று கேட்டுவிட்டு அர்ச்சுனன் சிரித்தான். பதிலுக்குக் காத்திருக்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

வெற்றிச்செல்வன் சோறு தின்னாமல் சாக்கை டி.வி.எஸ். ஃபிஃப்டியின் பின்னால் வைத்துக் கட்டினான். மனைவி யுவராணி தட்டோடு வெளியே வருவதற்குள் வண்டி தெரு முனைக்குப் போய்விட்டது.

அர்ச்சுனன் அவன் தங்கை ரேணுகாவின் புருஷன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் சேர்ந்து மரம் வெட்டினார்கள். முதலில் கோடாலி; பிறகு புதுச்சேரியில் ஒரு காண்டிராக்டரிடமிருந்து கைமாறி வந்த இந்த மிஷின். மரம் எந்தப் பக்கம் சாயும் என்று கணக்குப் போடுவது வெற்றிச்செல்வன். மிஷினைப் பிடிப்பது அர்ச்சுனன். மரக்காணத்திலிருந்து கிளியனூர் வரை எந்தச் சவுக்குத் தோப்புக் கொல்லையில் மரம் வெட்டினாலும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

மரம் அறுக்கும் மிஷினில் முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு தகடு இருக்கும். கத்தி திடீரென்று எம்பி ஆளைப் பார்த்துத் திரும்பினால், அந்தத் தகடு கையில் இடித்து முன்னால் சாயும். சாய்ந்ததும் உள்ளே ஒரு இரும்புப் பட்டை இறுகி, ஓடுகிற செயினை அந்த நொடியே நிறுத்திவிடும். அதுதான் பிரேக். பொங்கல் முடிந்த வாரத்தில் அந்தப் பட்டை தேய்ந்துபோய், தேவையில்லாத நேரத்தில் எல்லாம் தானாக இறுகி நிற்க ஆரம்பித்தது. வெற்றிச்செல்வன் மிஷினை ராஜாங்கத்திடம் எடுத்துப் போனான்.

ராஜாங்கம் கழற்றிப் பார்த்துவிட்டு, "பட்டையும் போயிடுச்சு, ஸ்பிரிங்கும் போயிடுச்சு. மெட்ராஸ்லேருந்து வரணும். ரெண்டு நாள் இரு" என்றார்.

"நாளைக்கு லாரி வருதுங்க. அத்தக் கழட்டிட்டா ஓடுமா?"

"ஓடும். ஓட்டறவனுக்குத்தான் கஷ்டம்."

"கழட்டிடுங்க. அப்பறம் மாட்டிக்கலாம்."

ராஜாங்கம் ஒரு முறை அவனைப் பார்த்தார். பிறகு கழற்றினார். பட்டையை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கையில் கொடுத்து, "அடுத்த வாரம் மறக்காம வா" என்றார். வெற்றிச்செல்வன் அர்ச்சுனனிடம், "சரி பண்ணிட்டாரு" என்று மட்டும் சொன்னான். சொன்னால் அவன் ஓட்டமாட்டான் என்று தெரியும். அர்ச்சுனன் அந்த விஷயத்தில் பிடிவாதக்காரன்.

மூன்றாவது நாள், அடுக்கிக் கிடந்த கட்டைகளை அளவாக அறுக்கும்போது, கத்தியின் முனை பின்னால் இருந்த இன்னொரு கட்டையில் பட்டு எம்பியது. தகடு சாய்ந்தது. செயின் நிற்கவில்லை. அர்ச்சுனனின் இடது தோளுக்குக் கீழே சட்டையோடு சேர்த்துக் கிழித்துக்கொண்டு போனது. ஜிப்மரில் பதினேழு நாள் படுத்திருந்தான். அங்கே வராந்தாவில் ரேணுகா, "எப்பிடிண்ணா ஆச்சு?" என்று கேட்டபோது, "முனை பின்னால இருந்த கட்டைல பட்டுடுச்சும்மா. கவனிக்காம வுட்டுட்டான்" என்றான் வெற்றிச்செல்வன். முனை பட்டது உண்மைதான். அதைச் சொல்லி அவன் நிறுத்திக்கொண்டான்.

பிறகு ஒரு நாள் மரக்காணம் கடைத்தெருவில் ராஜாங்கம் எதிரே வந்தார். "ஏம்பா, அந்தப் பட்டைய…" என்று ஆரம்பித்தார். வெற்றிச்செல்வன் காதில் விழாதவன் போல வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தக் கடை இருக்கும் தெருப் பக்கமே அவன் போவதில்லை. உப்பளத்தின் ஓரமாகச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

இப்போது திங்கட்கிழமைக்குள் பிரேக்கை மாட்டிவிட வேண்டும். யாருக்கும் தெரியாமல் மாட்டிவிட்டால் போதும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே ஓட்டினான்.

கிளியனூரில் ரோட்டோரம் ஒரு பைக் மெக்கானிக் கடை இருந்தது. மருந்து தெளிக்கிற மிஷின்கள்கூட அங்கே பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். மெக்கானிக் சாக்கைப் பிரித்து, பெட்ரோல் ஊற்றி, கயிற்றை இழுத்தான். ஆறாவது இழுப்பில் மிஷின் இருமிக்கொண்டு கிளம்பியது. மெக்கானிக் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"நல்லாத்தான ஓடுது. இன்னா கம்ப்ளைண்ட்டு?"

"பிரேக்கு இல்லீங்க. அத்த மாட்டணும்."

"மரத்துல வெச்சி அறுக்கப்போற. அதுக்கு எதுக்குப்பா பிரேக்கு? இது இன்னா ரோட்லயா ஓடப்போவுது?"

கடையில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். வெற்றிச்செல்வனும் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒத்துழைக்கவில்லை. மிஷினைச் சாக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

திண்டிவனத்தில் பெரிய கடை. கண்ணாடி ஷோகேஸ், வரிசையாகத் தொங்கும் பெல்ட்டுகள், சுவரில் சாமி படங்களுக்கு நடுவே கம்பெனி காலண்டர். கல்லாவில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பாலிதீன் பையிலிருந்து தேய்ந்த பட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மாடலே இப்ப வர்றது இல்லீங்க. ஆர்டர் போட்டாக்கூட பத்துப் பதினைஞ்சு நாளு ஆவும்" என்றார். பிறகு தகட்டை விரலால் தள்ளினார். அது தளர்ந்து முன்னும் பின்னும் ஆடியது.

"இந்த ஆட்டம்தான உங்களுக்குத் தொந்தரவு? ஒரு பொட்டு வெல்டிங் வெச்சா கெட்டியா நிக்கும். பாக்கறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அஞ்சு நிமிஷ வேலை."

வெற்றிச்செல்வன் திரும்பிப் பார்த்தான். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் பொறி தெறித்துக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் தகட்டைத் தொட்டுப் பார்ப்பான்; கெட்டியாக இருக்கும். ஓட்டிப் பார்ப்பான், ஓடும். பட்டை வந்ததும் ஒரு நாள் மாட்டிவிடலாம். பதினைந்து நாளில் என்ன ஆகிவிடப்போகிறது?

போன முறையும் ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் நினைத்தான்.

"வெச்சுடட்டுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வேணாங்க" என்று சொல்லி மிஷினை இழுத்துக்கொண்டான். பதற்றத்தில் பாலிதீன் பையை ஷோகேஸ் மேலேயே விட்டுவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய பிறகு நினைவு வந்து திரும்பிப் போனான்.

அன்று வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. ஆட்டுக்குத் தழை போட்டான். போட்ட தழையையே மறுபடி அள்ளி வேறு இடத்தில் போட்டான். யுவராணி, "ஒடம்பு சரியில்லியா?" என்று ரெண்டு தடவை கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் ரேணுகா வந்தாள். கையில் ஒரு தூக்குச் சட்டியில் குழம்பு இருந்தது. வந்ததும் அதை யுவராணியிடம் கொடுத்துவிட்டு நேராக அவனிடம் வந்தாள்.

"அண்ணா, இவரு வேலைக்கு வர்றேன்னு குதிக்கறாரு. நீயாவது சொல்லக் கூடாதா?"

"டாக்டரு சரின்னுட்டாராமே."

"கையி சரியாயிடுச்சு. புத்தி? அன்னிக்கு மாதிரி எங்கியோ பாத்துக்கினு அறுத்தார்னா?" அவள் குரல் தாழ்ந்தது. "தெனமும் சொல்லிக்கினே இருக்கேன். ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு கொஞ்சம்கூட கவனம் இல்லாம இப்பிடிப் பண்ணிக்கினியே, அந்தக் கட்டை கண்ணுக்குத் தெரியலியான்னு. வாயே தொறக்கமாட்டேங்கறாரு. நீ கூட இருந்து பாத்துக்கோண்ணா."

"பாத்துக்கறேன்" என்றான்.

அவள் போன பிறகு மறுபடி சாக்கை வண்டியில் கட்டினான். இந்த முறை எக்கியார்குப்பம். படகு என்ஜின் பார்க்கிற தேசப்பனை அவனுக்குப் பழக்கம். சுனாமி அலை வந்த வருஷம் மணலும் உப்புத் தண்ணீரும் புகுந்த என்ஜின்களை ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, கரையிலேயே பந்தல் போட்டு ஆறு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட வைத்தவர் அவர். இப்போதும் ஒரு கவிழ்த்த படகின் நிழலில் என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடல்காற்றில் சாக்கு படபடவென்று அடித்துக்கொண்டது.

தேசப்பன் மிஷினைக் கையால்கூடத் தொடவில்லை.

"எனக்குத் தெரியாததுல நான் கைய வைக்கமாட்டேன் தம்பி. இது சின்ன என்ஜினு, வேற கணக்கு. ஆனா ஒரு எடம் சொல்றேன். இரும்பை போயிருக்கியா?"

"கோயிலுக்குப் போயிருக்கேன்."

"கோயிலுக்குப் போற ரோட்லயே, முந்திரித் தோப்பு தாண்டி, சிமெண்ட்டு ஷீட்டு போட்ட ஷெட்டு. ஜெயான்னு ஒரு பொண்ணு. புல்லு வெட்டற மிஷினு, ஜெனரேட்டரு, இந்த மாதிரி அறுக்கற மிஷினு எல்லாம் பாக்கும். நம்ம பக்கத்து ஆளுங்க ஒண்ணு ரெண்டு பேரு ஸ்பேருக்குப் போயி வந்திருக்காங்க. ஒரு கொணம் அதுக்கு. எந்த மிஷினையும் திறந்து பாக்காம பேசாது. உனுக்கு அவசரம்னா அங்க போவாத."

அவசரம்தான். ஆனால் போவதற்கு வேறு இடம் இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினான். உப்பளங்களில் அதற்குள் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். வாய்க்காலோரம் என்ஜின்கள் தடதடத்து உப்புத் தண்ணீரைப் பாத்திகளுக்கு இறைத்தன. ஒவ்வொரு என்ஜின் சத்தத்துக்கும் அவனுக்கு ராஜாங்கத்தின் முகம் நினைவு வந்தது. வண்டியை நிறுத்தாமல் ஓட்டினான். வழியில் டீ குடிக்கவும் இறங்கவில்லை.

ஷெட்டில் ஏற்கெனவே ரெண்டு பேர் காத்திருந்தார்கள். ஜெயாவுக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். நைட்டியின் மேல் ஆண்கள் போடுகிற காக்கிச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. ஒரு வெளிநாட்டுக்காரர் தோட்டத்துப் பட்டறையில் எட்டு வருஷம் வேலை செய்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவள் என்று காத்திருந்தவர் ஒருவர் சொன்னார். வெற்றிச்செல்வன் முறை வந்ததும் மிஷினை மேசைமேல் வைத்தான்.

"இன்னா பண்ணுது?"

"பிரேக் பட்டை மாட்டணுங்க. வேற ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் ஓடுது."

"ஓட்டிக் காட்ட வேணாம்" என்று அவள் தடுத்தாள். அவன் கயிற்றில் கை வைத்திருந்தான். அவள் ஸ்பேனரை எடுத்து ரெண்டு நட்டைக் கழற்றினாள். பக்கவாட்டு மூடியை நெம்பி எடுத்தாள்.

மூன்று நாளாக இத்தனை கடை ஏறி இறங்கியும் அந்த மூடியை யாரும் கழற்றவில்லை. ரெண்டு மாதத்தில் அவனும் கழற்றவில்லை. வெளியே பட்டிருந்த ரத்தத்தை மட்டும் விபத்து நடந்த அன்றைக்கே டீசல் போட்டுக் கழுவியிருந்தான்.

உள்ளே மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாக அடையாகப் படிந்திருந்தது. ஜெயா ஒரு கம்பியால் சுரண்டினாள். பல்சக்கரத்துக்குப் பின்னால் ஏதோ சுற்றிக்கொண்டு வர மறுத்தது. குறட்டால் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மரப்பட்டை நார் என்று நினைத்து கெரசினில் நனைத்துத் துணியால் துடைத்தாள். நீலக் கட்டம் போட்ட துணி. ஒரு விரல் அகலத்துக்கு, முறுக்கிக்கொண்டு, ஒரு ஓரத்தில் துருப்பிடித்த மாதிரி கறை இருந்தது.

"இது யாரு சட்டை?" என்று அவள் கேட்டாள்.

வெற்றிச்செல்வன் ஷெட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தான்.

"தெரியலீங்க. கைமாறி வாங்கின மிஷினு. முன்னால வெச்சிருந்தவங்களோட…"

"இந்தத் தூளு ரெண்டு மூணு மாசத்துத் தூளு. அடில இருக்கறதுதான் பழசு. துணி மேலாக்க இருந்துது." அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். "பட்டைய யாரு கழட்டினது? தானா வுழுந்தா இந்த போல்ட்டு இப்பிடி திரும்ப டைட் ஆயிருக்காது. ஸ்பேனர் போட்டுக் கழட்டி, காலி போல்ட்டைத் திரும்ப மாட்டியிருக்காங்க. மெக்கானிக்கு பண்ண வேலை."

"மெக்கானிக்தான் பண்ணாரு."

"அவரா பண்ணாரா? நீங்க சொல்லிப் பண்ணாரா?"

காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். வெற்றிச்செல்வனுக்கு மிஷினை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றியது. வண்டிச் சாவியைக்கூட எடுத்துவிட்டான். எங்கே போவது? திங்கட்கிழமை காலையில் அர்ச்சுனன் வந்து கொல்லையில் நிற்பான்.

"நான்தான் சொன்னேன்" என்றான். "லாரி வருதுன்னு அவசரம். அவரு ரெண்டு நாள் இருன்னாரு. நான் கேக்கல. ஓட்டினது என் தங்கச்சி வூட்டுக்காரன். அவங்கிட்ட சொல்லாம குடுத்துட்டேன். சட்டை அவனோடது."

"ஆளு இருக்காரா?"

"இருக்கான். கையிதான். திங்கக்கெழமை திரும்ப ஓட்ட வர்றேங்கறான். அவனுக்கு இன்னும் தெரியாது. தன் தப்புன்னு நெனச்சிக்கினு இருக்கான்."

ஜெயா துணியைக் கழிவுத் தகரத்தில் போட்டாள். உள்ளே போய், அக்கக்காகப் பிரித்துக் கிடந்த ஒரு பழைய மிஷினைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இதே கம்பெனி. பட்டை நல்லா இருக்குது. ஸ்பிரிங்கு மட்டும் என்கிட்ட புதுசு இருக்கு. டிரம்மு தேஞ்சிருக்கு, அதையும் மாத்தணும். நாளைக்கு மத்தியானம் வாங்க. நீங்களே வந்து என் எதுர்ல பிரேக்கப் போட்டுப் பாத்துட்டுத்தான் எடுத்துக்கினு போவணும்."

"வந்துடறேங்க." கொஞ்சம் தயங்கி, "அவங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான்…" என்றான்.

"அது என்கிட்ட கேட்டா எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் போனபோது மிஷின் தயாராக இருந்தது. ஜெயா அவன் கையிலேயே கொடுத்தாள். கிளப்பி, முழு வேகத்தில் ஓடவிட்டு, தகட்டை மணிக்கட்டால் தள்ளினான். செயின் சட்டென்று நின்றது. என்ஜின் மட்டும் உறுமியது. மறுபடி செய்தான். மறுபடி. நாலாவது முறை ஜெயா, "போதுங்க, க்ளட்ச்சு கருகிடும்" என்றாள்.

கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை, நிற்பதற்கு.

வீட்டுக்குப் போகாமல் நேராக அர்ச்சுனன் வீட்டுக்குப் போனான். பிள்ளைகள் வெளியே விளையாடப் போயிருந்தார்கள். ரேணுகா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அர்ச்சுனன் ரப்பர் பந்து ஒன்றை இடது கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான்; ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி. மிஷினைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"குடுத்துட்டாங்களா? எந்தக் கடை மச்சான்?"

வெற்றிச்செல்வன் உட்காரவில்லை. மிஷினைத் தரையில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னான். பட்டை தேய்ந்தது, ராஜாங்கம் ரெண்டு நாள் கேட்டது, தான் கழற்றச் சொன்னது, பையில் போட்டு வாங்கி வந்தது, இரும்பைக் கடையில் மிஷினுக்குள் சட்டைத் துணி கிடைத்தது. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்ததெல்லாம் பயன்படவில்லை. முன்னும் பின்னுமாக, ஆனால் எதையும் விடாமல் சொன்னான்.

அர்ச்சுனன் பந்தைப் பிசைவதை நிறுத்தியிருந்தான்.

"ராஜாங்கம் வேணான்னு சொன்னாரா?"

"ரெண்டு நாள் இருன்னாரு."

"நீ?"

"லாரி வருதுன்னேன்."

தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"அன்னிக்குக் காலைல அந்தத் தகடு லொடலொடன்னு ஆடிச்சு" என்றான் அர்ச்சுனன். "கையில எடுத்ததுமே தெரிஞ்சுது. கேக்கலாம்னுதான் நெனச்சேன். அப்பறம், நீதான கடைக்கு எடுத்துக்கினு போயி வந்த, சரியாத்தான் இருக்கும்னு கேக்காம வுட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். வெற்றிச்செல்வன் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ரேணுகா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கீரை தரையில் சிதறியது.

"ஆஸ்பத்திரில உன்கிட்டதானண்ணா கேட்டேன்."

"ரேணு…"

"கவனிக்காம வுட்டுட்டான்னு சொன்ன. நான் அத்த நம்பி ரெண்டு மாசமா இவரக் காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பேசியிருக்கேன். புள்ளைங்க எதுர்ல பேசியிருக்கேன். வெள்ளிக்கெழமை உன் வூட்டுக்கே வந்து உன்கிட்டயே சொன்னேன். அப்பவாவது வாயத் தொறந்தியா?"

அவள் அர்ச்சுனன் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லியிருக்கலாமில்ல, நான் ஒண்ணும் பண்ணலன்னு?"

"நான்தான் பண்ணேன்னுதான நானும் நெனச்சேன்" என்றான் அர்ச்சுனன்.

அவள் உள்ளே போய்விட்டாள். அர்ச்சுனன் பந்தை ஜன்னல் விளிம்பில் வைத்தான். "மிஷின எடுத்துக்கினு போ மச்சான். நான் நாளைக்கு வரல" என்றான்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. வெற்றிச்செல்வன் தானே மிஷினைப் பிடித்து வேலை செய்தான். தினமும் மத்தியானம் ரோட்டுப் பக்கம் சைக்கிள் ஏதாவது தெரிந்தால் நிறுத்திவிட்டுப் பார்ப்பான். ஒரு நாள் வேலை முடிந்ததும் வண்டியை ராஜாங்கத்தின் கடைத் தெருவுக்குள் திருப்பினான். ராஜாங்கம் உப்பளத்துப் பம்பு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். "பட்டை மாட்டிட்டேங்க" என்று மட்டும் சொன்னான். அவர் தலையாட்டினார். "நானும் கழட்டிக் குடுத்திருக்கக் கூடாது" என்றார்.

சித்திரை பிறந்து பத்து நாள் கழித்து ஒரு காலையில், கொல்லையில் அர்ச்சுனன் நின்றுகொண்டிருந்தான். சைக்கிளை ஒரு சவுக்கில் சாய்த்திருந்தான். வெற்றிச்செல்வன் வண்டியை நிறுத்தியதும் கிட்டே வந்து, சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தான்.

"அந்தக் கடை எங்க இருக்குதுன்ன?"

"இரும்பை. கோயிலுக்குப் போற ரோடு. ஜெயான்னு…"

"வண்டியக் குடு. நான் ஒரு தடவை காட்டிட்டு வர்றேன்."

"இப்பத்தான மாப்ள பாத்தாங்க. நல்லா நிக்குது. வேணும்னா இங்கியே போட்டுக் காட்டறேன்."

"நான் காட்டிட்டு வர்றேன்" என்று அர்ச்சுனன் அதே குரலில் மறுபடி சொன்னான்.

வெற்றிச்செல்வன் சாவியைக் கொடுத்தான். வண்டி போன பிறகு கோடாலியை எடுத்து நாலு வெட்டு வெட்டினான், வைத்தான். ஆட்களை ஒரு பக்கம் அனுப்பினான். பிறகு கூப்பிட்டு வேறு பக்கம் அனுப்பினான். அர்ச்சுனன் திரும்பி வருவானா, அப்படியே மிஷினை வீட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவானா என்று தெரியவில்லை. வெயில் ஏறியது. ஆட்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் ரோட்டுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தான்.

ரெண்டு மணிக்கு மேல் வண்டிச் சத்தம் கேட்டது. அர்ச்சுனன் இறங்கி, ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் மிஷினை வைத்தான். பையிலிருந்து ஒரு புது ஸ்பேனரை எடுத்தான். ரெண்டு நட்டைக் கழற்றி, மூடியை நெம்பி எடுத்து, தூளை ஊதிவிட்டு, பட்டையை விரலால் தடவிப் பார்த்தான். இடது கையின் ரெண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. மீதி மூன்றால் பிடித்துக்கொண்டான். மூடியைத் திரும்ப மாட்டினான். எல்லாவற்றையும் மெதுவாக, யார் உதவியும் இல்லாமல் செய்தான்.

"கழட்டி மாட்டறதக் கத்துக் குடுக்கச் சொல்லிக் கேட்டேன்" என்றான். "மொதல்ல மாட்டேன்னுச்சு அந்தப் பொண்ணு. நான்தான் அந்தச் சட்டைக்காரன்னதும் சரின்னுச்சு."

அர்ச்சுனன் ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"நிக்கற மரத்த நீ அறு. எனக்கு கையி மேல தூக்க வரல. கீழ கெடக்கறத நான் அறுக்கறேன். இனிமே இது என் வூட்லதான் இருக்கும். கடைக்கும் நான்தான் எடுத்துக்கினு போவேன்."

"சரி மாப்ள."

"ரேணுகா இன்னும் ஆறல. நீ இப்ப வூட்டுப் பக்கம் வராத. வரலாம்னா அவளே சொல்லி அனுப்புவா."

"சரி."

அர்ச்சுனன் கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே மிஷின் பிடித்துக்கொண்டது. வெட்டிச் சாய்த்திருந்த சவுக்குகளின் பக்கம் நடந்து போய், முதல் கட்டைக்குப் பின்னால் வேறு எதுவும் இல்லை என்று குனிந்து பார்த்துக்கொண்டு, அறுக்க ஆரம்பித்தான். வெற்றிச்செல்வன் மறுமுனையைக் காலால் மிதித்து, கட்டை உருளாமல் பிடித்துக்கொண்டான்.